பராமரிப்பு வேலைக்குப் 'பதிவு எண்' கேட்டால் என்ன செய்வது?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 11 வருடமாக மாற்றுத்திறன் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் கேர்கிவர் வேலை. கையில் இருப்பது 5 நாள் பயிற்சி முடித்ததற்கான ஒரே ஒரு தாள். இப்போது கூடுதல் சம்பளத்தில் வேறு இடத்தில் வேலை வந்திருக்கிறது. நேர்காணலில் "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்களாம், பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். டர்பன் டவுனில் ஒரு காலேஜ் 9,000 ரேண்ட் கட்டினால் 6 மாதச் சனிக்கிழமை வகுப்பில் 'பதிவு பெற்ற பராமரிப்பாளர்' ஆக்கிவிடுகிறோம் என்கிறதாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் கைப்பையை மூடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் மாற்றுத்திறனாளி பராமரிப்பாளர் என்று தனியாக ஒரு சட்டப் பதிவேடு கிடையாது. அப்படியிருக்க அந்தக் காலேஜ் உங்களை எங்கே பதியும்? தன்னுடைய நோட்டுப் புத்தகத்தில்தான். நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கிறது, 2005ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம். அங்கே மிகக் கீழ்ப்படியில் இருப்பவர் ஆக்சிலரி நர்ஸ், அதாவது உதவி நர்ஸ். அதற்கே இப்போது கவுன்சில் ஒப்புக்கொண்ட கல்லூரியில் ஓராண்டு உயர் சான்றிதழ் படிக்க வேண்டும், என்.கியூ.எஃப். என்ற தேசியத் தகுதி அடுக்கில் 5ஆம் நிலை. பழைய ஓராண்டு ஆக்சிலரி படிப்பில் புதிதாக ஆள் சேர்ப்பதை 2015லேயே நிறுத்திவிட்டார்கள். 'ஹோம் பேஸ்டு கேர்' சான்றிதழை வைத்து அந்தக் கவுன்சிலில் யாரும் பதிய முடியாது. பதிவில்லாமல் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்கள் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலின் கீழ் வருகிறார்கள். சோஷியல் வொர்க்கர்களும் சைல்டு அண்டு யூத் கேர் வொர்க்கர்களும் எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி. என்ற சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலின் கீழ், 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டப்படி.

உங்கள் வேலை இந்த மூன்று வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் சந்து. காலையில் குளிப்பாட்டிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது நர்ஸ் வேலை மாதிரி. விறைத்த காலை மெதுவாக நீட்டி மடக்குவது தெரபி மாதிரி. ராத்திரி அழும் பிள்ளையைத் தேற்றுவது மூன்றாவது மாதிரி. மூன்றையும் ஒரே ஆள் ஒரே ஷிஃப்டில் செய்கிறார், ஆனால் எந்த வீட்டுக்காரரும் 'எங்கள் ஆள்' என்று சொல்வதில்லை.

அப்படியானால் நேர்காணலில் கேட்டது எந்த எண்? அதை நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போது மெசேஜ் போட்டுக் கேளுங்கள்: "எந்தக் கவுன்சிலின் எண்?" அந்த இடம் குழந்தைகள் சட்டத்தின் கீழ், அதாவது 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டத்தின் கீழ், சைல்டு அண்டு யூத் கேர் சென்டராகப் பதிவானது என்றால் அவர்கள் கேட்டது நியாயம். அங்கே பிள்ளைகளோடு இருப்பவர்கள் குறைந்தது ஆக்சிலரி நிலையிலாவது எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி.யில் பதிந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான பதிவு எண் அநேகமாக இதுதான். ஆக்சிலரி பதிவுக்கு இன்றைய தேதியில் எந்தப் படிப்பை ஏற்கிறார்கள் என்று கவுன்சிலுக்கே ஈமெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். காலேஜ் ரிசப்ஷனில் இருப்பவர் சொல்வதை அல்ல. பகல்நேரப் பராமரிப்பு மையம் என்றாலோ தனியார் வீடு என்றாலோ, 'பதிவு எண்' என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் வாய்த்தவறுதான். தகுதிச் சான்றிதழைத்தான் கேட்டிருப்பார்கள்.

இனி சான்றிதழ். இங்கேதான் பணம் போகிற ஓட்டை.

இந்த நாட்டில் படிப்புகளை 10 படிகளாக அடுக்கியிருக்கிறார்கள், அதுதான் என்.கியூ.எஃப். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பும் பயிற்சியும். உங்கள் 5 நாள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 40 மணி, அதாவது 4 கிரெடிட். அதையும் அங்கீகாரம் பெற்றவர் நடத்தியிருந்தால்தான் கணக்கில் வரும். நம் தொழிலில் ஓடிக்கொண்டிருந்த பழைய முழுச் சான்றிதழ்களுக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். அந்தக் காலேஜ் சொல்லும் 26 சனிக்கிழமைகளில் அது எப்படி அடங்கும்? வகுப்பு போக மிச்ச நேரம் எங்கே, யார் மேற்பார்வையில், எந்த இல்லத்தில் வேலைப் பயிற்சி என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையான இடம் என்றால் பட்டியலை நீட்டும். மற்றவர்கள் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேம்" என்பார்கள்.

இன்னொரு விஷயம். ஆன்சிலரி ஹெல்த் கேர், கம்யூனிட்டி ஹெல்த் வொர்க் என்று நம் பெண்கள் வருடக்கணக்காகப் படித்த படிப்புகள் பழைய வகையைச் சேர்ந்தவை. அந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாகச் சேர 2024 ஜூன் 30 கடைசி நாள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் 2027 ஜூன் 30க்குள் முடித்தாக வேண்டும். அவற்றின் இடத்தில் வருவது தொழில் படிப்புகளுக்கான தேசியக் கவுன்சிலான கியூ.சி.டி.ஓ.வின் தொழில் சான்றிதழ்கள். பாடம், செய்முறை, வேலையிடத்து அனுபவம் என்று மூன்று பங்கு. மூன்றையும் முடித்த பிறகு வெளியார் நடத்தும் ஒரு கடைசித் தேர்வு. காலேஜே சொல்லிக்கொடுத்து, காலேஜே பாஸ் போட்டு அனுப்புகிற பழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம்.

அதனால் யாராவது படிப்பு என்று வந்தால், அந்தப் படிப்பின் சாக்வா எண்ணைக் கேளுங்கள் (சாக்வா என்பது படிப்புகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு). சாக்வா இணையதளத்தில் அந்த எண்ணை அடித்தால், புதிதாகச் சேரக் கடைசி நாள் எது, முடிக்கக் கடைசி நாள் எது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அப்புறம் அந்தக் காலேஜுக்கு அந்தப் படிப்பை நடத்த கியூ.சி.டி.ஓ. கொடுத்த அங்கீகாரக் கடிதம். காலேஜுக்குப் பொதுவாகக் கொடுத்த கடிதம் போதாது, உங்கள் படிப்பின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும், தேதியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இரண்டு தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடவில்லை என்றால் வந்த வழியே கிளம்புங்கள்.

நான் இவ்வளவு கடுமையாகப் பேசக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இப்படி ஓர் இடத்தில் மதிப்பீட்டாளராக வரச் சொன்னார்கள், போனேன். பெயர் வேண்டாம். மாடியில் ஒரே ஒரு அறை, அதில் 40 பெண்கள். எல்லோருக்கும் வெள்ளை யூனிஃபார்ம், தோளில் கலர் பட்டை. பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அதற்கும் ஒரு கை இல்லை. சான்றிதழில் மட்டும் ஹோலோகிராம் பளபளவென்று இருந்தது. அங்கீகாரக் கடிதம் கேட்டேன், டீ வந்தது. மறுபடி கேட்டேன், பிஸ்கட் வந்தது. அந்த 40 பேரில் பலர் இனாண்டாவிலிருந்தும் உம்லாசியிலிருந்தும் டாக்சி மாறி வந்தவர்கள். ஒரு ஜூலு அக்கா கடன் வாங்கிக் கட்டியதாகச் சொன்னார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? 11 வருடம் செய்த வேலையை முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் முன்கற்றல் அங்கீகாரம், எல்லோரும் ஆர்.பி.எல். என்பார்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மதிப்பிட்டு, கிரெடிட்டாக எழுதிக்கொடுப்பது. சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். மதிப்பீட்டாளர் எதைப் பார்ப்பார் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் தோற்பது இங்கேதான்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு மீலிமீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி ஊட்டுகிறீர்கள். நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டுகிறீர்களா, பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து ஊட்டுகிறீர்களா? நின்றால் பிள்ளை தலையை அண்ணாந்து பார்க்கும், மூச்சுக்குழாய் திறந்து கஞ்சி அதற்குள் போகலாம். முகவாய் லேசாகக் கீழே சாய்ந்திருக்கிறதா? இடுப்பு நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா, பாதம் தொங்காமல் எதன் மேலாவது ஊன்றியிருக்கிறதா? கரண்டி நேராக முன்னாலிருந்து, கீழிருந்து வருகிறதா? அடுத்த வாய்க்கு முன் விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தானே கொடுக்கிறீர்கள்? இருமினால் முதுகில் தட்டிவிட்டுத் தொடர்ந்து ஊட்டுகிறீர்களா, நிறுத்துகிறீர்களா? சாப்பிட்டதும் உடனே படுக்கப் போடுகிறீர்களா, அரை மணி நேரமாவது நிமிர்த்தி வைக்கிறீர்களா?

11 வருடம் செய்தவருக்கு இதெல்லாம் கையே செய்யும். ஒரு முறை ஓர் அம்மாவைப் பார்த்தேன். கரண்டியை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி எடுத்தார், பிள்ளை உடனே வாயை மூடியது. அத்தனை நேர்த்தி. "ஏன் அப்படி அழுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். "அப்படித்தான் மேம் செய்வோம்" என்றார். அங்கேதான் சிக்கல். கை சரியாகச் செய்தது எனக்குத் தெரிகிறது, ஆனால் படிவத்தில் 'காரணம் விளக்கினார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அழுத்தினால் நாக்கு வெளியே தள்ளாது, உதடு மூட வசதி, கஞ்சியை மேல் பல்லில் வழித்துவிட வேண்டியதில்லை. இவ்வளவுதான். அவருக்குத் தெரியாததல்ல, யாரும் அதுவரை கேட்டதில்லை. அதனால் தங்கச்சி, இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் தினம் ஒரு வேலையை எழுதுங்கள்: என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், வேறு மாதிரி செய்தால் என்ன ஆகும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலோ ஜூலுவிலோ முதலில் எழுதி, அப்புறம் யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கே உங்கள் வேலை புதிதாகத் தெரியும்.

அந்த நோட்டோடு கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? இல்லத்தின் தலைப்புத்தாளில் மேற்பார்வையாளர் கடிதம். 'நல்லவர், பொறுமையானவர்' என்று எழுதினால் பிரயோசனமில்லை. எந்த வேலைகளை, எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வருடத்திலிருந்து என்று எழுதச் சொல்லுங்கள். வந்துபோன தெரபிஸ்ட், நர்ஸ் யாராவது நேரில் பார்த்து எழுதிக்கொடுத்தால் அதற்கு எடை அதிகம். ஷிஃப்ட் அட்டவணைகளின் நகல், போன பயிற்சிகளின் வருகைத்தாள்.

புகைப்படம் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். போனில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் படம், ஊட்டும் படம் என்று 30 படம் சேர்த்துக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. கோப்பைத் திறந்ததும் மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளால் சம்மதம் சொல்ல முடியாது, பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண், இப்போது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான். நம் பிள்ளை என்றால் எடுக்க விடுவோமா?

ஆர்.பி.எல். செய்கிற இடமும் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் பெற்றதாகவே இருக்க வேண்டும். செலவை முதலாளி ஏற்க வாய்ப்புண்டா என்று முதலில் பாருங்கள். வருடச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ரேண்டுக்கு மேல் உள்ள முதலாளிகள் அதில் 1 சதவீதம் திறன் வரி கட்டுகிறார்கள் (சில தொண்டு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு). அந்தப் பணத்தின் ஒரு பங்கு சுகாதார, நலத்துறைப் பயிற்சி அமைப்பான எச்.டபிள்யூ.செட்டா வழியாகப் பயிற்சிக்கே திரும்பி வரும். வேலையில் இருப்பவரையும் லேர்னர்ஷிப்பில், அதாவது வேலை செய்துகொண்டே படித்துச் சான்றிதழ் வாங்கும் திட்டத்தில் சேர்க்கலாம், வேலையில்லாதவருக்கு மட்டும் என்பது தப்பான பேச்சு. புதிய இடத்தில் "எண் இல்லை, ஆனால் என்னை லேர்னர்ஷிப்பில் போடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு என்ன கூச்சம்?

காசில்லாமல் கிடைக்கிற பயிற்சியும் ஒன்று உண்டு. 2010இல் கேப் டவுன் உயர் நீதிமன்றம், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கல்வியிலிருந்து ஒதுக்கிவைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2017-18 நிதியாண்டிலிருந்து கல்வித்துறைக்குத் தனி மானியம் வருகிறது. அதில் தெரபிஸ்டுகள் அடங்கிய குழுக்கள் பராமரிப்பு மையங்களுக்கு நேரில் வந்து கேர்கிவர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். உங்கள் இல்லம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் வருகைத்தாளும் கோப்புக்கு ஆகும்.

சான்றிதழைவிடச் சீக்கிரம் கைக்கு வரவேண்டிய தாள்கள் இரண்டு. பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பது ஒன்று, நீதித்துறை கொடுப்பது. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் பட்டியலில் இல்லை என்பது இன்னொன்று, சமூக மேம்பாட்டுத்துறை கொடுப்பது, பார்ட் பி என்பார்கள். இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும், இப்போதே மனுப் போடுங்கள். இந்த இரண்டையும் கேட்காமல் வேலை கொடுக்கிற பிள்ளைகள் இல்லம் என்றால், எனக்கு அந்த இல்லத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

ஒருவேளை இல்லத்தை விட்டு உம்ஹ்லாங்கா பக்கம் யாராவது ஒருவர் வீட்டில் அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனால், கையில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் டொமஸ்டிக் வொர்க்கர். வீட்டில் குழந்தைகளையும், முதியோரையும், நோயாளிகளையும், மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்பவர் என்று அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது. கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள், அதனால்தான் உங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2022 மார்ச்சிலிருந்து மற்றவர்களுக்குச் சமமான தொகை, 2025 மார்ச்சில் வைத்தது மணிக்கு 28.79 ரேண்ட். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் யூ.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீடு கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. 2012இல் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோன மரியா மஹ்லாங்கு என்ற பெண்ணின் வழக்கில், 2020 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் வந்த உரிமை அது. பிள்ளையைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்வது நம் தொழிலில் சாதாரணம், அதனால் இதை நினைவில் வையுங்கள்.

வெளிநாடு போகலாமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துக்குக் கேர் வொர்க்கர் விசா என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அவர்கள் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி ஆதரவுக்கென்றே தனிச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, பணியாளர் பின்னணிச் சோதனை தனி. எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் என்.ஏ.டி.எஸ்.பி. என்ற சங்கம் செய்வது. அங்கே இந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'நேரடி ஆதரவுத் தொழிலர்' என்று சொல்லலாம். நெறிமுறை ஒன்று இருக்கிறது, மூன்று படிநிலைச் சான்றிதழ் இருக்கிறது. தான் உண்மையில் செய்த வேலையை எழுதி, ஆதாரத்தோடு அனுப்பினால் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு மின்-பேட்ஜ். நான் மேலே சொன்ன நோட்டு மாதிரியேதான். அந்த பேட்ஜுக்கு இங்கே சட்ட மதிப்பு கிடையாது, ஆனால் இப்படி ஒன்று நம் நாட்டிலும் வரவேண்டும் என்று நான் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தாள் இருந்தால் மட்டும் நல்லா பாத்துப்பாங்களா?" என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சரியான கேள்வி. லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநல மருத்துவமனையின் கதை தெரியுமே. 2016இல் கௌட்டெங் மாகாணச் சுகாதாரத்துறை அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல நோயாளிகளைச் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. அவர்களில் பலர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். 144 பேர் இறந்தார்கள். சுகாதார ஆம்பட்ஸ்மன் (குறைகேட்பு அதிகாரி) மலேகாபுரு மக்கோபா 2017இல் கொடுத்த அறிக்கை, அந்த 27 நிறுவனங்களின் உரிமமும் செல்லாதவை என்றது. அதாவது தாள் இருந்தது, செல்லாத தாள். பசியும் குளிரும் தண்ணீரில்லாமையும் கேர்கிவரிடம் சான்றிதழ் இல்லாததால் மட்டும் வந்ததல்ல, மேலே கையெழுத்துப் போட்டவர்களால் வந்தது. ஆனால் அங்கே வேலைக்கு வைத்த பலருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை என்பதும் உண்மை. விழுங்க முடியாதவருக்கு எப்படி ஊட்டுவது என்று தெரிந்த ஆள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருந்தால் அந்த எண் குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

எந்தச் சான்றிதழிலும் இடமில்லாத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது, தமிழ். மெரபேங்கில் ஒரு வீட்டில் 50 வயது தாண்டிய டவுன் சிண்ட்ரோம் அண்ணன் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஆயா வளர்த்த பிள்ளை. வீட்டில் எல்லோரும் இங்கிலீஷ், அவருக்கும் புரியும். ஆனால் ஊசி போடுகிற அன்று "ஒண்ணுமில்ல கண்ணு, வா" என்றால்தான் கை நீட்டுவார். அங்கே வேலை பார்த்த ஜூலு சிசி (அக்கா) அதைக் கவனித்து, அந்த மூன்று வார்த்தையையும் 'பசிக்குதா'வையும் கற்றுக்கொண்டார். மதிப்பீட்டின்போது 'தொடர்பு கொள்ளும் திறன்' என்ற கட்டத்தில் நான் அதைத்தான் எழுதினேன், மதிப்பீட்டைச் சரிபார்க்கும் மாடரேட்டர் ஒப்புக்கொண்டார். நீங்களும் உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

அந்த 5 நாள் தாளைக் கேவலமாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 4 கிரெடிட்டோ, ஒன்றுமே இல்லையோ, நீங்கள் எந்தத் தேதியில் இந்த வேலையில் இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. நகலை ஜஸ்டிஸ் ஆஃப் பீஸிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ சர்ட்டிஃபை செய்து, கோப்பில் கடைசிப் பக்கமாக வையுங்கள்.